கம்பியில்லாக் கடிவாளம்

குதிரையின் வாய்க்குள் பிட் எனப்படும் உலோகக் கம்பியை வைக்காமல், மூக்கிலும் தாடையிலும் பிடரியிலும் படியும் வார்களாலேயே அதை நடத்தும் தலைப்பூட்டு கம்பியில்லாக் கடிவாளம். வாயில் புண் உள்ள குதிரை, பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் இளங்குதிரை, கம்பி பட்டாலே தலையை உதறும் குதிரை ஆகியவற்றுக்கு இதைப் பூட்டுவது வழக்கம். வாய் நலமாக உள்ள குதிரையையும் முதல் நாளிலிருந்தே இதில் பழக்குவோர் உண்டு. கம்பி இல்லை என்பதால் மட்டும் ஒரு கடிவாளம் மென்மையானதாகிவிடாது. விசை முகத்தில் எங்கே விழுகிறது, எவ்வளவு பரப்பில் விழுகிறது, கை தளர்ந்ததும் எவ்வளவு விரைவில் விலகுகிறது என்ற மூன்றையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவதைத்தான் வாங்குவோர் பெரும்பாலும் பார்க்கத் தவறுகிறார்கள்.

வாயில் இரும்பு இல்லாமல் குதிரையேறுவது பழைய வழக்கம். வட ஆப்பிரிக்காவின் நுமிடிய வீரர்கள் கழுத்துக் கயிற்றோடும் சிறு கோலோடும் போர்க்குதிரைகளை நடத்தினார்கள். ரோம் நகரில் கி.பி. 113இல் எழுந்த டிராஜன் தூணில், மூர் இனக் குதிரைவீரர்கள் கடிவாளம் பூட்டாத குதிரைகளில் பாய்ந்து வருவது செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்பானியர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற, கம்பியில்லாமல் குதிரை பழக்கும் முறை கலிஃபோர்னியாவின் வக்கேரோ எனப்படும் மாடு மேய்ப்போரிடம் தனி மரபாக வளர்ந்தது. ஸ்பெயினிலேயே கம்பியில்லாக் கடிவாளத்தின் கொடிய வடிவமும் உண்டு. செரெட்டா என்ற அந்த இரும்பு மூக்குப்பட்டையின் உட்புறத்தில் பற்கள் இருக்கும். அதைப் பூட்டிய குதிரைகளின் மூக்கில் ஆயுளுக்கும் தழும்பு நிற்கக்கூடும். இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்கு வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கம்பியை மட்டுமன்றி, முள்ளோ குமிழோ துருத்தும் எந்தப் பூட்டையும் தடை செய்கின்றன. மூக்குவாருக்கும் அது பொருந்தும்.

குதிரையின் மூக்கெலும்பு கண்ணருகில் தடித்திருக்கும். கீழே இறங்க இறங்க மெலிந்து, நாசிக்கு மேல் தாங்கல் ஏதுமின்றிக் கூராக முடியும். அதற்கும் கீழே குருத்தெலும்பும் மென்தசையுமே. மூக்குவார் அந்த மெல்லிய முனையில் அமர்ந்தால் வலி மட்டுமல்ல, மூச்சும் அடைபடும்; குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. மேல்தாடையின் இரு பக்கமும் எலும்புத் துளை வழியே உணர்வு நரம்பு ஒன்று தோலுக்கடியில் வெளிவருகிறது. முடிச்சோ வளையமோ அந்த இடத்தில் அழுத்தக் கூடாது. கன்ன எலும்பின் மேடு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வார் அமர்வது பொதுவாகப் பொருத்தமானது. ஆனால் முகத்துக்கு முகம் அளவு மாறும். விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து உறுதி செய்வதே நல்லது.

வகைகளில் எளியது சைட்புல். மூக்குவாரின் இரு பக்க வளையங்களில் லகானைப் பூட்டுவார்கள். இடது லகானை இழுத்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், விட்டால் விசை உடனே போய்விடும். நெம்புகோல் கிடையாது, இறுகும் முடிச்சும் கிடையாது. மென்மை தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மூன்று செ.மீ. அகலத் தோல் வாரில் விழும் அதே இழுப்பு, ஒரு செ.மீ. கயிற்றில் மூன்று மடங்கு அழுத்தமாகும். அதனால் மெல்லிய கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்த சைட்புல், பெயர் ஒன்றாயினும் வேறு கருவி. அகலமான, உள்ளே மென்தோலோ ஆட்டுத்தோலோ வைத்துத் தைத்த வாரே தகும்.

குறுக்குவார்க் கடிவாளத்தில் பிடரியிலிருந்து இறங்கும் வார்கள் தாடைக்கு அடியில் ஒன்றையொன்று கடந்து, எதிர்ப்பக்க வளையம் வழியே லகானைச் சேரும். ஒரு பக்கம் இழுத்தால் தலையின் மறுபக்கம் மெதுவாகத் தள்ளப்படும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் குக் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கினார். விசை தலை முழுதும் பரவுவது இதன் நன்மை. ஆனால் வார்கள் ஒன்றோடொன்று உரசி நிற்பதால் கை தளர்ந்த பிறகும் இறுக்கம் சிறிது தங்கக்கூடும். வாங்கும்போது வார் வளையத்தில் தடையின்றி வழுக்கி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

போசல் என்பது பச்சைத்தோலில் பின்னிய மூக்கு வளையம். தாடைக்குக் கீழே கனத்த முடிச்சோடு தளர்வாகத் தொங்கும்; தொடர்ந்து இழுப்பதற்கானதன்று, தொட்டு விடுவதற்கானது. தேர்ந்த கையில் இதைவிட நுட்பமான கருவி அரிது. புதியவர் தொடர்ந்து இழுத்தால் தாடைத் தோல் உரிந்துவிடும். இருபுறமும் உலோகத் தண்டும் தாடைச் சங்கிலியும் கொண்ட இயந்திர ஹாக்கமோரை மென்மையானவற்றில் சேர்க்க முடியாது. தண்டு நீள நீள, கையின் சிறு அசைவும் பெருகி மூக்கையும் தாடையையும் பிடரியையும் ஒரே நேரத்தில் நெரிக்கும். பக்கவாட்டில் திருப்புவதற்கும் அது ஏற்றதன்று. குட்டையான தண்டும், சங்கிலிக்குப் பதில் தோல்வாரும் இருந்தால் கொடுமை குறையும்.

அளவு எடுக்கும்போது மூக்கின் மேற்புறத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் லகானை இழுக்கும்போது மூக்குவார் சுழன்று, கன்னவார் கண்ணில் ஏறும். சவாரி முடிந்ததும் வார் இருந்த இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். சூடு, வீக்கம், உதிர்ந்த முடி எல்லாம் எச்சரிக்கை. நாள்பட்ட அழுத்தம் இருந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும்.

புதிய கடிவாளத்தை வெளிச் சாலையில் முதன்முதலாகப் பூட்டுவது ஆபத்து. தரையில் நின்றே இருபக்கமும் திருப்பி, பின்னுக்கு நடத்தி, நிறுத்திப் பழக்கியபின், வேலியடைத்த திடலில் ஏற வேண்டும். ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கை எந்த வாரும் வலிமையால் நிறுத்தாது. அது நிற்பது பழக்கத்தால். கம்பி இருந்தும் நிற்காத குதிரைக்குக் கம்பியைக் கழற்றுவது மருந்தாகாது. அதன் முதுகு, பல், சேணம் மூன்றையும் கால்நடை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும்.

போட்டிக்குச் செல்வோருக்கு விதிகளும் முக்கியம். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தடைதாண்டலிலும் நெடுந்தூர ஓட்டத்திலும் கம்பியில்லாக் கடிவாளத்தை ஏற்கிறது. டிரெசாஜ் எனப்படும் நடைநேர்த்திப் போட்டியில் கம்பி கட்டாயம். அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் மேற்கத்தியச் சவாரிப் போட்டிகளில் ஐந்து வயதும் அதற்குட்பட்டதுமான குதிரைகளைப் போசலோடு காட்டலாம்.