மணிபல்லவத்து மந்திரமும் கன்னத்துக் குழியும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காகக் காத்திருந்த வேளையிலேதான் என் பெறாமகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தமையனாரின் மூத்த மகள் அவள். ரொறன்ரோவில் வாழ்பவள், நாற்பதைக் கடந்தவள். நாகபூஷணி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை நிறைவேற்ற ஊருக்கு வந்திருந்தாள். 1990 இல், வேலணையில் ஆறு வயதுச் சிறுமியாக இருந்தபோது, எறிகணைச் சிதறல் ஒன்று அவளுடைய இடது கன்னத்தைக் கிழித்துச் சென்றது. காயம் ஆறிவிட்டது. குழி நின்றுவிட்டது.

"சித்தப்பா, அங்கை ஓர் ஊசி போடுகினம். போட்டால் இந்தக் குழி நிரம்புமாம். அம்மா வேண்டாம் எண்டு நிற்கிறா. மகள் போடச் சொல்லுறாள். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

உடனே பதில் சொல்ல இயலவில்லை. எந்தச் செய்திக்கும் அதன் முன்கதையைத் தேடுவது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி இன்று ஏதோ ஒரு வடிவில் எழுந்துகொண்டிருக்கிறது என்பதையும் அறிவேன்.

முகத்தை மாற்றிக்கொள்வது பற்றிய பழைய கதை ஒன்று, நாங்கள் படகேறிச் சென்ற தீவோடு தொடர்புடையது என்பது வியப்புக்குரியது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர். மாற்றுக் கருத்துடையோரும் உளர். பேரழகியான மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் விடாது தொடர்கிறான். அவளை மணிமேகலா தெய்வம் மணிபல்லவத்துக்கு எடுத்துச் சென்று மூன்று மந்திரங்களை உபதேசிக்கிறது. ஒன்று வான்வழியே செல்வதற்கு. மற்றொன்று பசியைத் தாங்குவதற்கு. இன்னொன்று வேற்றுருக் கொள்வதற்கு.

புகாருக்குத் திரும்பிய மணிமேகலை, இளவரசனிடமிருந்து தப்புவதற்காகக் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த வடிவில் நின்றே, நரைத்த மூதாட்டி ஒருத்தியை இளவரசனுக்குச் சுட்டிக்காட்டி, கூந்தல், நெற்றி, கண், காது என்று ஒவ்வோர் உறுப்பாக முதுமை செய்த மாற்றத்தை எடுத்துரைக்கிறாள். முதுமையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த பகுதிகள் நம் இலக்கியத்தில் குறைவு.

அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியே இளவரசனோடு உரையாடுகிறாள் என்று எண்ணி, அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலை வேற்றுருவைக் களைந்து தன் உருவை அடைகிறாள். உருவம் மீண்டது, போன உயிர் மீளவில்லை. உருமாற்றம் திரும்பப் பெறக்கூடியதாக இருக்கலாம், அதன் விளைவு அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

எங்கள் வீட்டுச் சுவரில் பூட்டியின் படம் ஒன்று தொங்கியது. காது மடல்கள் ஏறக்குறையத் தோளைத் தொடும். அவருடைய மகளான அப்பாச்சியின் காதிலோ மெல்லிய கோடு ஒன்று மட்டுமே இருந்தது. சிறுவயதில் வளர்த்த காதை, குமரியான பின் வைத்தியசாலையில் அறுத்துத் தைத்துக் குறுக்கிய தழும்பு அது. தாய்க்கு அழகாக இருந்த நீள்காது, மகளின் காலத்தில் பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. தென்தமிழ்நாட்டிலும் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த காதுகளை இவ்வாறே அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள் ஏராளம். வளர்த்தபோதும் அறுத்தபோதும் அந்தப் பெண்களிடம் விருப்பம் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இதுவும் புதிய வித்தை அன்று. சுசுருத சங்கிதை காது மடலைத் துளைத்துப் பெருப்பிக்கும் முறையையும், அறுந்த மடலைப் பொருத்தும் 15 வழிகளையும் கூறுகிறது. மூக்கறுபட்டவர்களுக்குப் புதிய மூக்கமைக்கும் வித்தையும் இந்தியாவில் வழிவழியாக இருந்துவந்தது. மைசூர்ப் போரில் திப்புவின் படையினரால் மூக்கறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலை எடுத்து மூக்கமைத்த செய்தியை லண்டன் சஞ்சிகை ஒன்று 1794 இல் வெளியிட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டே ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1814 இல் அங்கே அவ்வாறான சத்திரசிகிச்சையைச் செய்தார். யாழ்ப்பாணத்துக்கு மேலைச் சத்திரவைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த பெருமை, 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனுக்கு உரியது. அவருடைய 'இரண வைத்தியம்' 1867 இல் வெளிவந்தது.

அறுப்பதும் தைப்பதும் பழையவை. பள்ளத்தை நிரப்புவது பிந்தியது. அதுவும் அழகுக்காகத் தொடங்கவில்லை. 1893 இல் ஃபிரான்ஸ் நொய்பர் என்னும் ஜேர்மனியச் சத்திரவைத்தியர், நோயினால் முகத்தில் ஏற்பட்ட தழும்புப் பள்ளத்தை, கையிலிருந்து எடுத்த கொழுப்பினால் நிரப்பினார். தழும்பை நிரப்பவே பிறந்தது இந்த வித்தை என்பதை என் பெறாமகளுக்காக இங்கே அடிக்கோடிடுகிறேன்.

வழி தவறியது அதன் பின்னர்தான். 1899 இல் வியன்னாவில் றொபேட் கெர்சுனி என்பவர் வாஸ்லின் போன்ற பொருளை ஊசியால் உடலிற் செலுத்தினார். அதைத் தொடர்ந்து பரவிய பரஃபின் மெழுகு ஊசி, சுருக்கங்களை ஒரே நாளில் மறைத்தது. ஆண்டுகள் சென்றபின் மெழுகு இடம்பெயர்ந்து, கட்டிகளாகி, முகங்களைக் குலைத்தது. அக்காலத்து ஐரோப்பாவின் பேரழகி என்று போற்றப்பட்ட கிளாடிஸ் டீக்கன், பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகள் ஆனவர், மூக்கின் மேடு நேராகவேண்டும் என்று மெழுகை ஏற்றிக்கொண்டார். அது கீழிறங்கி அவருடைய முகத்தையே கெடுத்தது. 1977 இல் தமது 96 ஆவது வயதில் மறையும்வரை அந்த முகத்தோடுதான் வாழ்ந்தார். மெழுகுக்குப் பின் திரவ சிலிக்கோன் வந்தது. அதுவும் பலருடைய உடலில் அழியாத கட்டிகளையே விட்டுச்சென்றது.

மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் ஊசிக்கு 1981 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அது ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் முதலில் கையில் பரீட்சித்துப் பார்க்கவேண்டியிருந்தது. இன்று பெரிதும் பயன்படுவது ஹயலூரோனிக் அமிலம். 1934 இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாக உள்ள, நீரைப் பிடித்துவைக்கும் பொருள் இது. இதைக் கொண்ட முகநிரப்பி ஊசிக்கு அமெரிக்காவில் 2003 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 'ஃபில்லர்' என்று நம் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மெழுகுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இது நிலைத்து நிற்பதில்லை என்பதே. சில மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரையில் உடல் இதனைக் கரைத்துவிடும். விளைவு பிடிக்கவில்லை என்றால் ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியத்தை ஊசியாகப் போட்டு முன்கூட்டியே கரைக்கவும் முடியும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். நயினாதீவுக்கு இட்ட ஹார்லெம் கரைந்துபோயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய ஊசி ஹார்லெமைப் போன்றது. மெழுகும் சிலிக்கோனும் டெல்ஃப்றைப் போன்றவை.

ஆனால் காஞ்சனனின் வாளை மறக்கலாகாது. வீக்கமும் கண்டலும் சில நாட்களில் வடிந்துவிடும். அரிதாக, மருந்து இரத்தக் குழாய்க்குள் சென்று அதை அடைத்தால் அவ்விடத்துத் தோல் இறந்துபோகலாம். கண்பார்வையே பறிபோன நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. மருந்தைக் கரைக்கலாம், போன பார்வையை மீட்பது மிக அரிது. ஊசியில்லாமல் அழுத்தத்தால் மருந்தைச் செலுத்தும் பேனா போன்ற கருவிகளைப் பயன்படுத்தவேண்டாம் என்று அமெரிக்க நிர்வாகம் 2021 இல் எச்சரித்தது. அழகு நிலையங்களிலும் வீட்டு விருந்துகளிலும் மலிவாகப் போட்டுக்கொள்ளும் ஊசிகளைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வரும் படகில் இவற்றையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பழைய தழும்புக்கென்று தனியான கேள்விகள் உண்டு. உள்ளே உலோகத் துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கவேண்டும். தழும்பின் அடியில் தோலை உள்ளிழுத்துப் பிடிக்கும் நார்களை முதலில் அறுத்துவிட வேண்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் நிரப்பினால் குழியைச் சுற்றியே மேடு எழும். காயம்பட்ட இடத்தில் இரத்தக் குழாய்களின் போக்கு மாறியிருக்கக்கூடும் என்பதால் அனுபவமுள்ள தோல் வைத்தியரோ பிளாஸ்டிக் சத்திரவைத்தியரோதான் தொடவேண்டும். என்ன மருந்து, கரைக்கும் நொதியம் கைவசம் உண்டா, ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகும் என்பவற்றை ஊசிக்கு முன் கேட்கவேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டபின் அவள் சொன்னாள்: "பயம் ஊசிக்கில்லை, சித்தப்பா. ஊரை விட்டு வந்ததுக்கு மிஞ்சின அடையாளம் இதுதான், இதையும் அழிக்கப் போறியோ எண்டு அம்மா கேட்கிறா. அதுக்குத்தான் எனக்குப் பதில் தெரியேல்லை."

அண்ணியின் வேதனை எனக்குப் புரிகிறது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்துச் சென்றவை மிகச் சில. உறுதிகள் போயின, படங்கள் போயின. பூட்டியின் படமும் அப்போதே போயிற்று. வேலணையிலும் புங்குடுதீவிலும் கூரையிழந்த வீடுகளை இன்றும் காணலாம். எஞ்சியவை நினைவுகளும் தழும்புகளும்தான். தாய்க்கு அந்தக் குழி ஒரு சாட்சி.

ஆனால் சாட்சியைச் சுமப்பவள் வேறு ஒருத்தி. பேருந்தில் அருகில் அமர்பவர், வேலைத்தலத்திற்குப் புதிதாக வருபவர், மகளின் பாடசாலைத் தோழி என்று ஒவ்வொருவரும் கேட்கும்போதெல்லாம் அந்த நாளைத் திரும்பச் சொல்லவேண்டியவள் அவள்தான். பூட்டியின் காதை அவருடைய தாய் தீர்மானித்தாள். அப்பாச்சியின் காதை ஊர்வாய் தீர்மானித்தது. மூன்று தலைமுறை கழித்தாவது எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி தன் முகத்தைப் பற்றித் தானே தீர்மானிக்கட்டும்.

ஆகவே அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "போடுவதும் விடுவதும் உன் விருப்பம், பிள்ளை. குழி பிடிக்காமல் போடுகிறாய் என்றால் நல்ல வைத்தியரிடம் போ. அடுத்தவர் கண்ணுக்காக என்றால் இன்னும் ஒரு வருடம் யோசி. ஆனால் ஊருக்காக என்று வைத்திருக்காதே. எங்கள் சரித்திரத்தைச் சுமக்கும் கடமை உன் கன்னத்துக்கு இல்லை. அதை எழுதி வைப்பது என் போன்றவர்களின் வேலை."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது அந்தக் குழி இன்னும் ஆழமாகத் தெரிந்தது. என்ன முடிவு எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. என் பங்குக்கு உரிய வேலையை இந்தப் பதிவோடு தொடங்கியிருக்கிறேன்.