மயிலின் கழிவுநீக்க மண்டலம்

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையில், முருகன் கோயில் அமைந்த குன்றிலும் சுற்றுப்புறப் புதர்க்காடுகளிலும் மயில்கள் வாழ்கின்றன. பாறை மேல் காய்ந்து கிடக்கும் மயில் எச்சத்தில் இரு நிறம் தெரியும். கரும்பழுப்பான பகுதி மலம். அதன்மேல் சுண்ணாம்பு பூசினாற்போலப் படிந்த வெண்மைதான் சிறுநீர். மயிலுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. வானம் பார்த்த இந்தப் பூமியில் அது தழைப்பதற்கு இந்த வெண்பொருள் ஒரு முக்கியக் காரணம்.

மற்றப் பறவைகளைப் போலவே மயிலின் இரு சிறுநீரகங்களும் இடுப்பெலும்பின் குழிவுகளில் அழுந்தியிருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று மடல் கொண்டது. புரதச் சிதைவில் எஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரிக் அமிலமாக்குகிறது. அதன் பெரும்பகுதியை வடிகட்டல் வழியாக அல்லாமல், சிறுநீரகத்தின் நுண்ணலகுகளான நெஃப்ரான்களின் நுண்குழல்களே இரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்றுகின்றன. மனிதர் கழிக்கும் யூரியாவின் ஒரு மூலக்கூறில் 2 நைட்ரஜன் அணுக்கள்; யூரிக் அமிலத்தில் 4. அது நீரில் எளிதில் கரையாததால் வெண்கூழாகவே வெளியேறும். கழுவித் தள்ள அதிக நீர் வேண்டியதில்லை. சிறுநீர் பொதுக் கழிவறையான கிளோயகாவை அடைந்த பின்பும் பெருங்குடலுக்குள் பின்னோக்கி ஏறுகிறது. அங்கே எஞ்சிய நீரும் உப்பும் மீட்கப்படுகின்றன.

பறவைக்குச் சிறுநீர்ப்பை இல்லை என்பதை அரிஸ்டாட்டில் அன்றே எழுதிவிட்டார். யூரிக் அமிலத்தை 1776இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே சிறுநீரகக் கற்களில் கண்டறிந்தார். தென்னமெரிக்கப் பயணம் முடிந்து 1804இல் ஐரோப்பா திரும்பிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், பெருவின் கடற்பறவை எச்சமான குவானோவைக் கொண்டுவந்தார். பாரிசில் வேதியியலாளர்கள் ஃபுர்க்ரோவாவும் வோக்லானும் அதைப் பகுத்து, அதில் யூரிக் அமிலம் இருப்பதைக் காட்டினர். உரமாகப் போடும் எச்சம் உடலியலுக்கு வழிகாட்டியது அறிவியல் வரலாற்றின் அருமையான நிகழ்வுகளுள் ஒன்று. 1842இல் உடற்கூறியலாளர் பௌமன், இரத்த நுண்நாளக் கொத்தைச் சூழ்ந்த கிண்ணம் சிறுநீர்க் குழலோடு தொடர்வதை விளக்கினார். கோழிக்கருவை ஆராய்ந்த ஜோசப் நீதம், கரு முதலில் அம்மோனியாவையும் பிறகு யூரியாவையும் இறுதியில் யூரிக் அமிலத்தையும் கழிப்பதாக 1931இல் எழுதினார். ஓட்டுக்குள் அடைபட்ட கரு கழிவை வெளியே தள்ள முடியாது. கரையும் கழிவானால் அதுவே நஞ்சாகிவிடும். மயிலின் முட்டை பொரிய ஏறத்தாழ 28 நாள் ஆகிறது. யூரிக் அமிலமான கழிவோ, பொரியும்வரை தீங்கற்ற படிகமாக ஓட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. ஆகவே பறவைக்கு யூரிக் அமிலம் வாய்த்ததற்கு முட்டை ஒரு காரணமாக இருக்கலாம்; வறண்ட நிலத்தில் நீர் மிச்சமாவதும் ஒரு நன்மை.

சிறுநீரகம் பழுதானால் இதே அமிலம் பறவையைக் கொல்லும். டைக்ளோஃபெனாக் எனும் வலிநீக்கி மருந்து ஊசி போடப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் பழுதான பாறுக் கழுகுகளின் இதயத்திலும் கல்லீரலிலும் யூரிக் அமிலப் படிகங்கள் வெண்மையாகப் படிந்திருந்ததை பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது. இந்தியா அம்மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டில் 2006இல் தடைசெய்தது. அதே வகை வலிநீக்கிகளான அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டில் 2023இல் தடைசெய்யப்பட்டன. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று முக்கியமாக மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ளன.