மாதுங்கா: ஒரு பேட்டை பிறந்த கதை

மாதுங்கா என்ற பெயரைக் கேள்விப்படாத நம்மவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். வேலை தேடிப் பம்பாய்க்கு ரயில் ஏறிய தென்னிந்தியர்கள் பலர் முதலில் விசாரித்துக்கொண்டு போன இடம் அது. அதன் பூக்கடைகளையும் பஜனைகளையும் இலைச் சாப்பாட்டையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேட்டை ஒரு கொள்ளை நோயின் விளைவாக உருவானது என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. அங்கே பல வருஷங்கள் வாடகைக்குக் குடியிருந்தவன் என்ற முறையில் அந்தச் சரித்திரத்தை உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1896-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். சில மாதங்களுக்குள் ஊர் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். ஆலைகளும் துறைமுகமும் ஸ்தம்பித்தன. காற்றும் வெளிச்சமும் நுழையாத நெருக்கமான வீடுகளே நோய்க்குக் காரணம் என்று சர்க்கார் முடிவு கட்டியது. 1898-இல் தனிச் சட்டம் இயற்றிப் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

டிரஸ்ட் இரண்டு விதமாக வேலை செய்தது. ஒன்று, நெரிசலான சந்துகளை இடித்து, பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு போன்ற அகலமான சாலைகளைப் போட்டது. இன்னொன்று, வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பக்கத்தில் வயலும் தோட்டமுமாக இருந்த நிலத்தைக் கையகப்படுத்தி, சாக்கடையும் சாலையும் அமைத்து, மனைகளாகப் பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது.

முதல் வேலையில் வீடிழந்தவர்கள் ஏழைகள். ஆரம்ப வருஷங்களில் டிரஸ்ட் இடித்த குடியிருப்புகளின் எண்ணிக்கை, கட்டியதைவிட அதிகம். இடம் போனவர்கள் அடுத்த சந்தில் போய் இன்னும் நெருக்கமாக அடைந்தார்கள். அவர்களுக்காக டிரஸ்ட் பல சால்களைக் கட்டியது உண்மைதான். 1920-களில் சர்க்காரின் அபிவிருத்தித் துறையும் வொர்லி, நாய்காவ், பரேல், சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. பி.டி.டி. சால் என்று பிரசித்தி பெற்றவை அவை. குடும்பத்துக்கு ஒரே அறை, 160 சதுர அடி. குழாயும் கக்கூஸும் பொது.

இரண்டாவது வேலையின் பலன் நம்மைப் போன்ற மத்தியதர வர்க்கத்துக்கு வந்தது. தாதர்-மாதுங்கா திட்டத்தில் மனை முழுவதையும் அடைத்துக் கட்டக்கூடாது, உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு என்று விதித்திருந்தார்கள். அதனால்தான் அங்கே மரங்களும் மைதானங்களும் மிஞ்சின. குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் வந்த தென்னிந்தியர்கள் இந்த வீடுகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். சாலில் இல்லாத ஒரு வசதி இங்கே இருந்தது. சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே கதவுக்குள். மடி, ஆசாரம் பார்த்த பாட்டிமார்களுக்கு வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பது சங்கடம்தான். நான் குடியிருந்த கட்டடத்தில் அதைச் சமையலறைக்கு எட்டாமல் ஒரு கோடியில் ஒதுக்கியிருந்தார்கள்.

வீடு மட்டும் ஒரு சமூகத்தை உண்டாக்கிவிடாது. பிரம்மசாரிகள் நாலைந்து பேர் ஓர் அறையை எடுத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் வந்தது. ஆஸ்திக சமாஜமும் பஜன சமாஜமும் இருந்தன. ஊரிலிருந்து வந்த பையனுக்கு வேலையும் சாப்பாடும் துணையும் நடந்து போகும் தூரத்துக்குள் கிடைத்தன. இன்று நிபுணர்கள் 'ஆதரவுடன் கூடிய குடியிருப்பு' என்று சொல்வதன் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே காலத்தில் வேறொரு வழியையும் பம்பாய் கண்டது. 1915-இல் ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மகி என்பவரின் முயற்சியால் காம்தேவியில் சரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் உருவாயிற்று. பணக்காரர் அல்லாத குடும்பங்கள் பங்குப் பணம் போட்டு, தங்கள் வீட்டுக்குத் தாங்களே சொந்தக்காரர் ஆகலாம் என்று காட்டிய முன்னோடி அது. ஆனால் சங்கம் என்றால் உறுப்பினர் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஒரு வகுப்பார் தமக்குள் மட்டும் அங்கத்தினர் சேர்த்துக்கொள்ளும் விதி செல்லும் என்று 2005-இல் ஆமதாபாத் பார்ஸி சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி. தர்மம் எப்படி என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டாக்டர் அம்பேத்கர் பரேலில் டிரஸ்ட் சால் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். பரோடாவில் உத்தியோகம் பார்க்கப் போனபோது, ஜாதியின் காரணமாகத் தங்க இடம் கிடைக்காமல் தவித்தவர் அவர். 1930-களில் தமக்கும் தம் புஸ்தகங்களுக்குமாக 'ராஜகிருஹம்' கட்டியது தாதர் ஹிந்து காலனியில். மாதுங்காவுக்கு அடுத்தாற்போல், டிரஸ்ட் சீர்ப்படுத்திய அதே பகுதி. ஆக, நமக்கும் அவருக்கும் இடம் கொடுத்தது ஒரே பொதுத் திட்டம்.

1947-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நம்மைத் தாங்கிப் பிடித்தது. பெரும்பாலான வீடுகளுக்கு 1940-ஆம் வருஷ வாடகையே அளவுகோல். குறைந்த சம்பளக்காரர் நகர மத்தியில் நிலைத்தது அதனால்தான். அதே காரணத்தால் சொந்தக்காரர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். கட்டடங்கள் தளர்ந்தன. பிறகு வரி வசூலித்துப் பழுதுபார்க்கவென்று 1969-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மலிவு வாடகை வேண்டும், பராமரிப்புக்கு வழியும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நிற்காது.

பல ஊர்களில் நம் சங்கக் கிளைகள் முதியோர் இல்லம், மாணவர் விடுதி என்று பேசிக்கொண்டிருக்கின்றன. நல்ல காரியம். மூன்று விஷயங்களை மட்டும் விண்ணப்பித்துக்கொள்கிறேன். ஊருக்கு வெளியே மலிவு நிலம் என்று போகாமல் பஸ், ஆஸ்பத்திரி, கடைகளுக்கு அருகில் கட்டுங்கள். கட்டுவதற்குத் திரட்டும் நிதியோடு பராமரிப்புக்கும் ஒரு நிதி வையுங்கள். சில இடங்களையாவது எந்த ஜாதியாரானாலும் தேவையுள்ளவர்களுக்கு ஒதுக்குங்கள். மாதுங்காவை நம் சாமர்த்தியத்தால் உண்டாக்கியதாக நாம் பெருமைப்படுகிறோம். அதன் சாலையும் சாக்கடையும் மைதானமும் ஊரார் பணம். சந்துகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கொடுத்த விலையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.