சேமித்த தரவுக்கான குறியாக்கத் தேர்வு: பெங்களூரு நிறுவனங்களின் அனுபவம்

சேமித்த தரவுக்கான குறியாக்கம் என்பது, ஒரு நிறுவனத்தின் வட்டுகளிலும் தரவுத்தளங்களிலும் கிளவுட் சேமிப்பிலும் பேக்கப்பிலும் இருக்கும் தகவலை, உரிய சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் பாதுகாப்பு முறை. எந்த வழிமுறையைக் கையாள்வது, அதை எந்த அடுக்கில் பொருத்துவது, சாவியை யார் பொறுப்பில் வைப்பது ஆகிய மூன்று முடிவுகளும் இதில் அடங்கும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்று நிறுவனங்களில் 2020, 2021 ஆண்டுகளில் வெளிப்பட்ட தரவுக் கசிவுகள், இந்த முடிவுகளின் விளைவு வாடிக்கையாளர் தலையில் எப்படி விடிகிறது என்பதைக் காட்டின. யாரிடமிருந்து காக்கிறோம், சாவி எங்கே இருக்கிறது என்ற இரு கேள்விகளுக்கு விடை தெரியாமல் செய்யப்படும் குறியாக்கம் பெயரளவில்தான் பாதுகாப்பு.

பெங்களூரு நிகழ்வுகள்

இணையவழிக் கல்வி நிறுவனமான அன்அகாடமியின் பயனர் தரவு விற்பனைக்கு வந்திருப்பது 2020 மே மாதம் தெரியவந்தது. சுமார் 2.2 கோடிப் பதிவுகள் இருப்பதாகப் பாதுகாப்பு நிறுவனமான சைபிள் கூறியது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1.1 கோடிப் பேர் என்றது அன்அகாடமி. கடவுச்சொற்கள் பிபிகேடிஎஃப்2 முறையில் ஹேஷ் செய்யப்பட்டிருந்தன, அதாவது மூல வடிவத்துக்குத் திருப்ப முடியாத குறியாக மாற்றப்பட்டிருந்தன. ஒரே கணக்கீட்டைப் பல ஆயிரம் முறை திரும்பச் செய்யவைத்து, ஊகித்துப் பார்ப்பவரின் வேகத்தைக் குறைப்பது இம்முறையின் நோக்கம்.

மளிகைப் பொருள் விற்பனை நிறுவனமான பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர் பதிவுகள் கசிந்த செய்தி 2020 நவம்பரில் வெளியானது. நிறுவனம் பெங்களூரு சைபர் குற்றப் பிரிவில் புகார் அளித்தது. 2021 ஏப்ரலில் அந்தத் தரவை ‘ஷைனிஹன்டர்ஸ்’ என்ற குழு இலவசமாகவே வெளியிட்டது. அதிலிருந்த கடவுச்சொற்கள் எஸ்எச்ஏ-1 முறையில் ஹேஷ் செய்யப்பட்டவை என்று செய்திகள் தெரிவித்தன. 1995இல் வந்த எஸ்எச்ஏ-1 வேகமாக இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இன்றைய கிராபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஊகங்களை அதில் சோதித்துவிடும். பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற மற்றத் தகவல்கள் படிக்கும் நிலையிலேயே வெளியாயின.

பணப்பரிமாற்ற நிறுவனமான ஜஸ்பேயில் 2020 ஆகஸ்ட் 18 அன்று நடந்த ஊடுருவல் 2021 ஜனவரியில்தான் பொதுவெளிக்கு வந்தது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் மாற்றப்படாமல் விடப்பட்ட பழைய அணுகு சாவி ஒன்றே ஊடுருவலுக்கு வழிவிட்டது. நடுவிலுள்ள இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டை எண்ணும் அட்டையின் ‘ஃபிங்கர்பிரின்ட்’ எனப்படும் ஹேஷும் கொண்ட சுமார் 3.5 கோடிப் பதிவுகள் வெளியேறின. முழு அட்டை எண்கள் தனியான அமைப்பில் இருந்ததால் அவை தப்பின என்று நிறுவனம் கூறியது. மின்னஞ்சல், தொலைபேசி எண்களில் ஒரு பகுதி குறியாக்கமின்றி இருந்ததையும் அது ஒப்புக்கொண்டது.

முதல் கேள்வி: திரும்பப் படிக்க வேண்டுமா?

ஒவ்வொரு தரவுக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதன் மூல வடிவம் நிறுவனத்துக்கு மீண்டும் தேவைப்படுமா என்பது. கடவுச்சொல் ஒருபோதும் தேவைப்படாது. சரியா தவறா என்று ஒப்பிட்டால் போதும். எனவே அதற்கு ஒருவழி ஹேஷே பொருத்தம். ஒவ்வொரு பயனருக்கும் ‘சால்ட்’ எனப்படும் தனித் தற்செயல் மதிப்பைச் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் பிகிரிப்ட் (1999) அல்லது 2015இல் கடவுச்சொல் ஹேஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்றவற்றைக் கையாள வேண்டும்.

கடவுச்சொல்லை இருவழிக் குறியாக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அடோபி நிறுவனத்தின் 2013 கசிவு காட்டியது. 15 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் கடவுச்சொற்கள் ட்ரிபிள் டிஇஎஸ் வழிமுறையில், இசிபி என்ற பாங்கில், ஒரே சாவியால் குறியாக்கப்பட்டிருந்தன. இசிபியில் ஒரே உள்ளீடு எப்போதும் ஒரே வெளியீட்டைத் தரும். ஆகவே ஒரே கடவுச்சொல் வைத்திருந்த லட்சக்கணக்கானோரின் பதிவுகள் ஒன்றுபோலவே தெரிந்தன. பயனர்கள் எழுதிவைத்த நினைவூட்டுக் குறிப்புகள் அருகிலேயே குறியாக்கமின்றி இருந்ததால், சாவியை உடைக்காமலே பல கடவுச்சொற்கள் வெளிப்பட்டன.

ஹேஷ் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 16 இலக்க அட்டை எண்ணில் முதல் ஆறும் கடைசி நான்கும் தெரிந்தால், மீதி ஆறு இலக்கங்களுக்கு 10 லட்சம் வாய்ப்புகளே உண்டு. லூன் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கில் கொண்டால் அது 1 லட்சமாகக் குறையும். சாவி சேராத சாதாரண ஹேஷ் அருகில் இருந்தால், ஒரு மடிக்கணினியே நொடிப் பொழுதில் முழு எண்ணையும் கண்டுபிடித்துவிடும். 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் இந்தியக் கைபேசி எண்களும் மொத்தம் 400 கோடிக்குள் அடங்கிவிடுகின்றன. இப்படி எண்ணிக்கை குறைந்த தரவுக்கு, ரகசியச் சாவியோடு கணக்கிடப்படும் எச்மேக் அல்லது முறையான குறியாக்கம் வேண்டும்.

வழிமுறைகள்

திரும்பப் படிக்க வேண்டிய தரவுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட வழிமுறை ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் வடிவமைத்த இதை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2001 நவம்பரில் தரமாக அறிவித்தது. சாவியின் நீளம் 128, 192 அல்லது 256 பிட். இதற்கு முந்தைய டிஇஎஸ் (1977) 56 பிட் சாவியையே கொண்டிருந்தது. 1998இல் அதை உடைக்கவென்றே கட்டப்பட்ட ஒரு கருவி 56 மணி நேரத்தில் உடைத்தது. ஏஇஎஸ்-256இன் சாவி வாய்ப்புகளோ 78 இலக்க எண்.

வழிமுறையோடு பாங்கையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தரவுத்தளப் புலங்களுக்கும் கோப்புகளுக்கும் ஜிசிஎம் ஏற்றது. தரவை மறைப்பதோடு, யாராவது அதைத் திருத்தியிருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே சாவியில் ‘நான்ஸ்’ எனப்படும் ஒருமுறை எண்ணை இருமுறை பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பு குலைந்துவிடும். முழு வட்டுக் குறியாக்கத்துக்கு எக்ஸ்டிஎஸ் பாங்கு வழக்கத்தில் உள்ளது. ஏஇஎஸ்ஸுக்கான வன்பொருள் உதவி இல்லாத கருவிகளில் சாசா20-பாலி1305 வேகமானது. புதிய அமைப்பில் இசிபிக்கும் டிஇஎஸ்ஸுக்கும் நிறுவனமே சொந்தமாக எழுதிய வழிமுறைக்கும் இடமில்லை.

அடுக்குகள்

வட்டு அடுக்கு: லினக்ஸின் லக்ஸ், விண்டோஸின் பிட்லாக்கர், மேக் கணினிகளின் ஃபைல்வால்ட் ஆகியவை முழு வட்டையும் குறியாக்குகின்றன. வாடகைக் காரில் மறந்துபோன மடிக்கணினி, பழைய பொருளாக விற்கப்பட்ட வட்டு ஆகியவற்றிலிருந்து இவை காக்கும். சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போது வட்டு திறந்த நிலையில் இருப்பதால், இணையம் வழியாக நுழைந்தவரை இவை தடுக்காது.

தரவுத்தள அடுக்கு: ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் போன்றவற்றில் உள்ள டிடிஇ எனப்படும் தானியங்கிக் குறியாக்க வசதி தரவுக் கோப்புகளையும் அவற்றின் பேக்கப்பையும் காக்கும். பேக்கப் நகல் திருடு போகும் நிகழ்வுகளில் இது பயன்படும். அனுமதி பெற்ற கணக்கின் வழியே வரும் வினவலுக்கு இது தரவைத் திறந்தே கொடுக்கும்.

பயன்பாட்டு அடுக்கு: மென்பொருளே ஒவ்வொரு புலத்தையும் குறியாக்கிய பிறகு தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. எஸ்கியூஎல் ஊடுருவலில் அட்டவணை முழுவதும் வெளியேறினாலும், தரவுத்தள நிர்வாகியே நகல் எடுத்தாலும், கிடைப்பது குறியாக்கிய தரவு மட்டுமே. மூன்றிலும் வலுவானது இதுவே. விலையும் இதற்கே அதிகம், ஏனெனில் குறியாக்கிய புலத்தில் நேரடியாகத் தேட முடியாது. வாடிக்கையாளர் சேவை ஊழியர் கைபேசி எண்ணைக் கொண்டு கணக்கைத் தேட வேண்டுமானால், எண்ணை ஜிசிஎம் பாங்கில் ஒரு புலத்திலும், அதன் எச்மேக் மதிப்பை மற்றொரு புலத்திலும் வைப்பார்கள். தேடல் எச்மேக் மதிப்பில் நடக்கும். அந்த ஒரு வாடிக்கையாளரின் எண் மட்டுமே திறக்கப்படும்.

கிளவுட் சேமிப்பில் நிலைமை மாறிவிட்டது. அமேசானின் எஸ்3 சேமிப்பகம் 2023 ஜனவரி முதல் எல்லாப் புதிய கோப்புகளையும் தானாகவே ஏஇஎஸ்-256இல் குறியாக்குகிறது. ஆனால் படிக்கும் அனுமதி உள்ள அணுகு சாவியோடு வருபவருக்கு அது தானாகவே திறந்தும் கொடுக்கும். ஜஸ்பே நிகழ்வு போன்ற ஊடுருவலில் இவ்வகைக் குறியாக்கம் மட்டும் துணைக்கு வராது.

சாவி மேலாண்மை

குறியாக்கம் தரவின் ரகசியத்தைச் சாவியின் ரகசியமாக மாற்றுகிறது. சாவியை மூலநிரலிலோ, தரவு இருக்கும் அதே சர்வரிலோ வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியில் வைப்பதற்கு ஒப்பானது.

இன்று நிலைபெற்ற முறை உறைக் குறியாக்கம். தரவை ஒரு தரவுச் சாவி பூட்டும். அந்தத் தரவுச் சாவியை ஒரு தலைமைச் சாவி பூட்டும். தலைமைச் சாவி எச்எஸ்எம் என்ற தனி வன்பொருளையோ கிளவுட் நிறுவனத்தின் கேஎம்எஸ் எனப்படும் சாவி மேலாண்மைச் சேவையையோ விட்டுத் திறந்த வடிவில் வெளியே வராது. சாவியை மாற்றும் நாளில் பல டெராபைட் தரவையும் மீண்டும் குறியாக்க வேண்டியதில்லை. சிறிய தரவுச் சாவிகளை மட்டும் புதிய தலைமைச் சாவியால் பூட்டினால் போதும். ஒவ்வொரு திறப்பும் பதிவாவதால், நள்ளிரவில் ஒரு கணக்கு லட்சம் பதிவுகளைத் திறக்க முயன்றால் உடனே கண்ணில் படும்.

சாவி தொலைந்தால் தரவும் தொலைந்தது. ஆகவே தலைமைச் சாவிக்கும் பேக்கப் வேண்டும். ஒருவர் மட்டும் அதைத் திறக்க முடியாதபடி பொறுப்பைப் பிரிக்கவும் வேண்டும். ஆதி ஷமீர் 1979இல் வெளியிட்ட ரகசியப் பகிர்வு முறையில், ஐவரிடம் பங்குகளைக் கொடுத்து எந்த மூவர் சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம்.

சட்டமும் விதிகளும்

பெங்களூரிலும் மானேசரிலும் தரவு மையங்களைக் கொண்ட ஆதார் ஆணையம், ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைத் தனியான ‘ஆதார் டேட்டா வால்ட்’டில் குறியாக்கி வைக்க வேண்டும், சாவிகளை எச்எஸ்எம்மில் காக்க வேண்டும், மற்ற அமைப்புகளில் குறிப்பெண்ணை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2017 ஜூலையில் ஆணையிட்டது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் முழு அட்டை எண்ணைச் சேமிக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அதன் இடத்தில் டோக்கன் எனப்படும் மாற்று எண் வந்தது. கையில் இல்லாத தரவு கசியாது என்ற கொள்கை இவ்விரு விதிகளுக்கும் அடிப்படை.

இந்திய அரசின் சைபர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணைப்படி, சைபர் நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் ₹250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் குறியாக்கம், மறைத்தல், டோக்கன் ஆகியவற்றை அந்த ஏற்பாடுகளில் பெயர் சொல்லியே சேர்த்துள்ளன. எந்த வழிமுறை, எத்தனை பிட் என்பதை அவை நிர்ணயிக்கவில்லை. அந்தப் பொறுப்பு நிறுவனத்தையே சேர்கிறது.

தேர்வின் வரிசை

சிறிய நிறுவனமும் பின்பற்றக்கூடிய வரிசை இது. முதலில் எங்கெங்கே என்னென்ன தரவு இருக்கிறது என்று பட்டியலிட்டு, தேவையற்றதை அழிக்க வேண்டும்; சோதனைச் சர்வர்களில் கிடக்கும் பழைய நகல்களும் இதில் சேரும். அடுத்து எல்லா மடிக்கணினிகளிலும் சர்வர்களிலும் பேக்கப்பிலும் வட்டுக் குறியாக்கத்தை இயக்க வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. பிறகு கடவுச்சொற்களை மெதுவான ஹேஷுக்கு மாற்ற வேண்டும். தொலைபேசி எண், முகவரி, உடல்நலத் தகவல், வங்கி விவரம் போன்ற புலங்களைப் பயன்பாட்டு அடுக்கில் குறியாக்க வேண்டும். சாவிகளைத் தரவிலிருந்து பிரித்து, பயன்படாத அணுகு சாவிகளை நீக்கி, மீட்டெடுப்பை ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

எல்லைகளும் எதிர்காலமும்

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலைக் குறியாக்கம் தடுக்காது. ஏற்கெனவே குறியாக்கிய கோப்பை மீண்டும் ஒருமுறை பூட்டிவிட ரான்சம்வேரால் முடியும். அனுமதி பெற்ற ஊழியர் தவறாக நடந்தாலும் குறியாக்கம் தடுக்காது. அணுகல் கட்டுப்பாடும் கண்காணிப்பும் இல்லாமல் குறியாக்கம் தனித்து நிற்க முடியாது.

குவான்டம் கணினிகள் வளர்ந்தால், சாவிப் பரிமாற்றத்துக்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ போன்ற முறைகள் உடைபடக்கூடும். அதற்கு மாற்றாக எம்எல்-கெம் உள்ளிட்ட மூன்று தரங்களை நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. ஏஇஎஸ்-256 அத்தகைய தாக்குதலையும் தாங்கும் என்று கருதப்படுவதால், பத்து இருபது ஆண்டுகள் காக்க வேண்டிய மருத்துவ, நிதிப் பதிவுகளுக்கு 256 பிட் சாவியே தக்கது. எந்த வழிமுறையும் ஒரு நாள் பழையதாகும். எனவே குறியாக்கிய ஒவ்வொரு பதிவோடும் வழிமுறையின் பதிப்பு எண்ணையும் சாவியின் அடையாள எண்ணையும் சேர்த்து எழுதுவது, பின்னாளில் வழிமுறையை மாற்றும் வேலையைப் பெரிதும் எளிதாக்கும்.