மணி கட்டிய கோலும் மார்பில் குத்திய எண்ணும்: இந்தியாவில் ஓட்டத்தின் சமூக வரலாறு

பெங்களூரின் கப்பன் பூங்காவிலும் தில்லியின் லோதி தோட்டத்திலும் மும்பையின் மரைன் டிரைவிலும் விடியற்காலையில் ஓடுவோரைக் காண்பது இன்று வியப்புக்குரியதன்று. எவரும் துரத்தவில்லை, எங்கும் போய்ச்சேர வேண்டிய அவசரமும் இல்லை. ஆயினும் ஓடுகின்றனர். ஓடுவதற்காகவே ஓடும் இம்மனிதர் இந்தியச் சமூக வரலாற்றில் மிகப் புதியவர். பல நூற்றாண்டுகளாக இந்நிலப்பரப்பில் ஓட்டம் என்பது பெரும்பாலும் ஒரு வேலையாகவோ தப்பித்தலாகவோ பயிற்சியாகவோதான் இருந்தது. மல்யுத்தக் களரிகளிலும் படைகளிலும் ஓடியவர்கள்கூட மற்றொன்றுக்கு உடலை ஆயத்தம் செய்யவே ஓடினர்.

ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டோரைப் பற்றிய விரிவான பதிவுகளுள் ஒன்று 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவினுடையது. தில்லி சுல்தானகத்தில் குதிரை அஞ்சலோடு கால்நடை அஞ்சலும் இயங்கியது என்றும், கால்நடை அஞ்சலில் மைலுக்கு மூன்று நிலையங்கள் இருந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஓடுபவர் ஒரு கையில் மடலையும் மறு கையில் உச்சியில் செம்பு மணிகள் கட்டிய கோலையும் ஏந்தி விரைவார். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தில் இருப்பவர் ஆயத்தமாவார். குதிரையைவிட இம்முறையே விரைவானது என்பதும், சுல்தானுக்காகக் குராசானின் பழங்களும் கங்கை நீரும் இவ்வாறே கொண்டு செல்லப்பட்டன என்பதும் அவர் தரும் செய்திகள். அரசனின் நாவுக்கும் தூரத்து ஆற்றுக்கும் இடையே பெயர் பதிவாகாத நூற்றுக்கணக்கான கால்கள் இருந்தன.

அந்த மணிக்கோல் பல ஆட்சிகளைக் கடந்து நீடித்தது. திருவிதாங்கூரின் அஞ்சல் ஓட்டக்காரரும் மணி கட்டிய கோலுடனேயே ஓடினார். வழியில் எதிர்ப்படுவோர் அவருக்கு ஒதுங்கி இடம்விட வேண்டியிருந்தது. அச்சமஸ்தான அஞ்சல் 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணையும் வரை தனித்து இயங்கியது. வட இந்தியாவில் இத்தொழிலாளியின் பெயர் ‘ஹர்காரா’. பாரசீகத்தில் ‘ஹர்’ என்பது ‘ஒவ்வொரு’ எனவும் ‘கார்’ என்பது ‘வேலை’ எனவும் பொருள்படும். அதாவது, எவ்வேலையும் செய்பவர். ஓட்டம் என்னும் செயல் அப்பெயரில் இடம்பெறவே இல்லை. ஏவல் மட்டுமே இடம்பெற்றது.

1854இல் பிரித்தானிய இந்தியாவின் அஞ்சல் துறை ஒருங்கமைக்கப்பட்டபோது, தொலைவைக் கணக்கில் கொள்ளாமல் எடையை மட்டும் கணக்கிடும் ஒரே சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. இது நவீன நிர்வாகத்தின் சாதனையாக எழுதப்படுவதுண்டு. இருப்புப்பாதை எட்டாத மலைகளிலும் காடுகளிலும் அக்கட்டணத்தின் மறுபாதியைச் செலுத்தியவர் ஓட்டக்காரரே. புலி நடமாடும் பகுதிகளில் தீப்பந்தம் பிடிப்பவரும் பறை முழக்குபவரும் உடன் அனுப்பப்பட்டனர் என்பது அத்தொழிலின் ஆபத்தைக் காட்டும். வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா (1926-1947) ‘ரன்னர்’ என்ற கவிதையின் தலைவனாக இத்தொழிலாளியையே தேர்ந்தார். சலில் சௌத்ரியின் இசையில் ஹேமந்த முகர்ஜி பாடிய பின் அக்கவிதை வங்கத்தின் வீடுதோறும் சென்றது. பிறர் செய்தியைச் சுமந்தே வாழ்ந்தவர் அங்குத் தாமே செய்தியானார்.

ஓட்டம் விளையாட்டாக மாறிய தொடக்கக் கட்டத்திலும் உழைப்பின் சாயல் அகலவில்லை. முதல் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில், பூனாவின் தக்காண ஜிம்கானா நடத்திய போட்டிகளில் உழவர் குடும்பத்து இளைஞர் வெறுங்காலுடன் ஓடியதை அதன் தலைவரான தோராப்ஜி டாட்டா கண்டார். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணி செல்ல அவர் எடுத்த முயற்சிக்கு இதுவே தூண்டுதல். அவ்வணியில் இடம்பெற்ற பெல்காம் பகுதியின் பி. டி. சௌகுலே மாரத்தானில் 19ஆவதாக வந்தார். வயலும் மலைப்பாதையும் உருவாக்கிய கால்களே இந்தியாவின் முதல் மாரத்தான் கால்கள்.

பொழுதுபோக்கு ஓட்டம் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் நடுவயதினரையும் முதியோரையும் மெல்ல ஓடச் செய்தார். அங்குச் சென்று அதில் பங்கேற்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அப்பழக்கத்தை ஓரிகனுக்கு எடுத்துச் சென்றார். 1968இல் மருத்துவர் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் வெளிவந்தபின் ஓட்டம் இதய நலத்தின் மொழியைப் பேசத் தொடங்கியது. நாற்காலியில் அமர்ந்து பிழைக்கும் வர்க்கம் பெருகிய சமூகத்துக்குத்தான் இம்மருந்து தேவைப்பட்டது என்பது இங்கு முக்கியமானது. இந்தியாவில் புனே பன்னாட்டு மாரத்தான் 1983இலேயே தொடங்கியிருந்தாலும், அலுவலக ஊழியர் பெருந்திரளாக ஓடத் தொடங்கியது 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பின்னரே. தாராளமயத்துக்குப் பிந்தைய நகர வேலை, நீரிழிவு குறித்த அச்சம், நிறுவனங்களின் ஆதரவு ஆகிய மூன்றும் அதற்குப் பின்புலமாயின. ஓடுவதற்காகக் கூலி பெற்றவரின் நாட்டில், ஓடுவதற்காகக் கட்டணம் செலுத்தி மார்பில் எண்ணைக் குத்திக்கொள்பவர் தோன்றினார்.

ஆயினும் இம்மாற்றம் அனைவருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. மொழியே இதற்குச் சான்று. இந்தியில் ‘தௌட்னா’ என்பது ஓடுதல். ‘பாக்னா’ என்பது ஓடுதலையும் தப்பியோடுதலையும் ஒருங்கே குறிக்கும். ஒரு பெண்ணைப் பற்றி இந்த இரண்டாம் வினையைச் சொன்னால், வீட்டைவிட்டு ஒருவனுடன் போய்விட்டாள் என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படும். தமிழின் ‘ஓடிப்போனவள்’, ‘ஓடுகாலி’ ஆகிய சொற்களும் இவ்வழியில் பிறந்த வசைகளே. உலக அரங்கிலும் நிலைமை பெரிதும் வேறாக இல்லை. 1928க்குப் பின் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே இல்லை; பெண்கள் மாரத்தான் 1984இல்தான் சேர்க்கப்பட்டது. காரணமின்றிப் பொதுவெளியில் ஓடும் பெண்ணுடல் தன் ஓட்டத்தை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயம் மைதானத்துக்கு வெளியே இன்னும் நீங்கவில்லை.

வர்க்கத்தின் கோடும் அழியவில்லை. நகரப் பூங்காவில் மென்பொருள் ஊழியர் ஓடும் அதே விடியலில் ஹரியாணா, பீகார், உத்தரகண்ட் மாநிலங்களின் ஊர்ச்சாலைகளில் இளைஞர் கூட்டங்கள் ஓடுகின்றன. படையின் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டும். சில நொடிகள் தாமதித்தால் வேலை போகும். சிலருக்கு வயது வரம்பு கடந்துவிடும். ஒருவரின் கைக்கடிகாரம் இதயத் துடிப்பை அளக்கிறது. மற்றவருடையது வாழ்வாதாரத்தை அளக்கிறது.

சாலையின் கதையும் இதனோடு இணைந்தது. ஏவலின் பொருட்டு ஓடியவருக்கு ஒரு காலத்தில் வழி ஒதுங்கியது. தன் விருப்பத்தின் பொருட்டு ஓடுபவருக்கு நடைபாதையே அரிதான இன்றைய நகரம், ஆண்டில் ஒரு ஞாயிறு காலையில் மட்டும் சாலையைத் திறந்துவிடுகிறது. எனவே, இந்தியாவில் பொழுதுபோக்கு ஓட்டத்தின் வளர்ச்சியை மாரத்தான் பதிவுகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட இயலாது. எவர் எவர், எந்தெந்தச் சாலையில், எவருக்கும் விடை சொல்லாமல் ஓட முடிகிறது என்பதையும் சேர்த்தே அவ்வரலாறு எழுதப்பட வேண்டும்.