ஓசிடி: ரத்தத்தில் வருவது எது?

ஓசிடி என்றதும் நம்ம பசங்க "ஓசியில டீயா மச்சி?" என்றுதான் கேட்பார்கள். இது வேறு. வேண்டாத ஒரு எண்ணம் மனசில் திரும்பத் திரும்ப வந்து குடையும். அதை அடக்க கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது என்று ஒரே காரியத்தை மணிக்கணக்கில் செய்வார்கள். அர்த்தமில்லாத வேலை என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். நிறுத்தத்தான் முடியாது.

எங்கள் வல்லக்கோட்டைப் பக்கம் இதை யாரும் நோய் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வயதான அம்மா என்றால் "மடி, ஆச்சாரம்". ஒரகடத்தில் ஷிப்ட் போகும் பையன் என்றால் "அவன் ரொம்ப பர்ஃபெக்ட்".

வங்காளத்திலும் இதே கதைதான். அங்கே இதற்கு "சுசிபாய்" என்று பெயர், அதாவது சுத்தப் பித்து. தெருவில் போய் வந்த துணியை உடனே மாற்றுவார்கள், காசைக்கூட கழுவுவார்கள் (காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது ரொம்ப வலிக்கிறது!). கொல்கத்தா மனநல மருத்துவர் அஜிதா சக்ரவர்த்தியும் பானர்ஜியும் 1975-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதே 1975-ல் சண்டிகரிலிருந்து அக்தர், விக் முதலியோர் 82 நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அதில் அதிகம் தென்பட்டது சந்தேகம். பூட்டினேனா, அணைத்தேனா என்கிற அந்தச் சந்தேகம்.

அப்போதெல்லாம் மூளைக்குள் எட்டிப் பார்ப்பது சுலபமில்லை. 1987-ல் கலிபோர்னியாவில் பாக்ஸ்டர் குழு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. கண்ணுக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியும், உள்ளே காடேட் என்ற பகுதியும் இவர்களுக்கு அளவுக்கு மீறி வேலை செய்தன. "ஏதோ தப்பாக இருக்கிறது" என்ற செய்தி ஒரு வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, "முடிந்தது, போ" என்று அனுப்ப ஆளில்லை. இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். 1992-ல் அதே குழு இன்னொன்றைக் கண்டது. மாத்திரையால் குணமானவர்களுக்கும், மாத்திரையே இல்லாமல் நடத்தைப் பயிற்சியால் குணமானவர்களுக்கும் காடேட்டின் வேகம் குறைந்திருந்தது. பயிற்சி மூளையையே மாற்றுகிறது என்றால் சும்மாவா!

சரி, இது பரம்பரையா? நம் ஊரில் இந்தக் கேள்வி வருவது டாக்டரிடம் இல்லை, பெண் பார்க்கிற இடத்தில். "அவங்க குடும்பத்துலயே அது இருக்குங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தம் நின்றுவிடும். அந்தப் பயத்திலேயே வைத்தியத்துக்குப் போகாமல் மறைப்பவர்கள் எத்தனையோ.

2000-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வின் கணக்கைப் பாருங்கள். ஓசிடி உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 11.7 சதவீதம் பேருக்கு அது இருந்தது. மற்ற குடும்பங்களில் 2.7 சதவீதம். நாலு மடங்குக்கு மேல், உண்மைதான். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நூற்றுக்கு 88 பேருக்கு வரவில்லை! இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெங்களூர் நிமான்ஸில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு. பிஜு விஸ்வநாத், ஜனார்த்தன ரெட்டி முதலியோர் செய்தது. குடும்பத்தில் பலருக்கு ஓசிடி இருக்கும் வீடுகளில், நோயே இல்லாத உடன்பிறந்தவர்களை அழைத்து சோதனை வைத்தார்கள். அதில் ஒன்று சீட்டு விளையாட்டு. நாலு கட்டு சீட்டு. இரண்டு கட்டில் லாபம் பெரிசு, நஷ்டம் அதைவிடப் பெரிசு. மற்ற இரண்டில் லாபம் சின்னது, ஆனால் கடைசியில் கையில் காசு மிஞ்சும். போகப் போக சாதாரண ஆட்கள் பின்னதுக்கு மாறிவிடுவார்கள். இந்த உடன்பிறந்தவர்கள் இதில் சறுக்கினார்கள். பழகிய பதிலை விட்டு மாறவேண்டிய இன்னொரு சோதனையிலும் அப்படியே. மற்ற பல சோதனைகளில் குறை எதுவும் இல்லை.

ஆக, ரத்தத்தில் வருவது நோய் இல்லை, மூளை வேலை செய்யும் விதத்தில் ஒரு சின்னச் சாய்வு. அது இருந்தும் அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஒரே ஒரு மரபணுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. 2025-ல் 53,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் 30 இடங்கள் சிக்கின, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மவர்களுக்காக நிமான்ஸும் பெங்களூரின் வேறு ஆய்வு நிலையங்களும் சேர்ந்து, பலருக்கு மனநோய் உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகின்றன. அதில் ஓசிடியும் உண்டு.

யாருக்காவது தேவைப்பட்டால் டெலி மனஸ் எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.