புளித்த சேறு: பகையாக இருந்த அமிலம் மருந்தான வரலாறு

சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் சேற்றை என்ன செய்வது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களுக்கு இது பெரிய தலைவலி. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரூன் என்ற பொறியாளர் 1890களில் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 'செப்டிக் டேங்க்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. காற்றில்லா இடத்தில் நுண்ணுயிர்கள் சேற்றைத் தின்று குறைத்தன. அதில் கிளம்பிய வாயுவைக் கொண்டு விளக்கும் எரிந்தது. பின்னர் ஜெர்மனியின் கார்ல் இம்ஹாஃப், நீர் தெளிவதற்கு மேலே ஓர் அறையும் சேறு செரிக்கக் கீழே ஓர் அறையும் கொண்ட தொட்டியை வடிவமைத்தார்.

ஆனால் இத்தொட்டிகள் சில சமயம் 'புளித்து'ப் போயின. நுரை பொங்கியது, நாற்றம் எழுந்தது, மீத்தேன் வாயு குறைந்தது. பொறியாளர்கள் சுண்ணாம்பைக் கொட்டிச் சமாளித்தார்கள்.

இதற்குக் காரணம் எளிது. செரிமானம் இரண்டு கூட்டத்தாரின் வேலை. முதல் கூட்டம் சேற்றை அசிட்டிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. அசிட்டிக் அமிலம் வினிகரில் இருப்பது. கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் பியூட்டிரிக் அமிலத்தினுடையது. இரண்டாவது கூட்டத்தின் வேலை மீத்தேன் தயாரிப்பது. இது மெதுவாக வளர்வது, புளிப்பைத் தாங்காதது. முதல் கூட்டம் முந்திக்கொண்டால் தொட்டி புளித்துவிடும்.

1967இல் மார்வின் பிரையண்டும் அவரது சகாக்களும் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். அதுவரை மீத்தேன் தரும் ஒரே நுண்ணுயிர் என்று நம்பப்பட்ட ஒன்று, உண்மையில் சேர்ந்து வாழும் இரண்டு உயிர்கள்! 1971இல் போலண்டும் கோஷும் இந்த இரு கட்டங்களையும் தனித்தனித் தொட்டிகளில் நடத்தலாம் என்று முன்வைத்தனர். சேற்றைச் சில நாட்களே வைத்திருந்தால் மெதுவாக வளரும் மீத்தேன் உயிர்கள் அடித்துச் செல்லப்படும், அமிலம் மட்டும் மிஞ்சும்.

அமிலம் யாருக்குத் தேவை? விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கழிவுநீரில் உள்ள பாஸ்பரஸ் ஏரிகளில் கலந்தால் பாசி மண்டும், மீன்கள் சாகும். 1970களில் பிரிட்டோரியாவில் ஜேம்ஸ் பார்னார்ட், ரசாயனம் சேர்க்காமல் நுண்ணுயிர்களைக் கொண்டே பாஸ்பரஸை நீக்கும் முறையை உருவாக்கினார். அந்த நுண்ணுயிர்கள் காற்றில்லாத பகுதியில் கொழுப்பு அமிலங்களை உண்டு சேமிக்கின்றன. காற்றுள்ள பகுதிக்கு வந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவிட்டுப் பாஸ்பரஸை உள்ளிழுக்கின்றன. தீனி இல்லையேல் வேலை நடக்காது.

குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக் கழிவுநீர் சாக்கடைக் குழாயிலேயே புளித்து வருவது குறைவு. அதனால் தீனி போதாது. கனடாவில் ஒகனாகன் ஏரிக் கரையிலுள்ள கெலோனா நகரின் நிலையம் 1982இல் இயங்கத் தொடங்கியது. அங்கே சேற்றை வேண்டுமென்றே புளிக்கவைத்து, அந்த அமில நீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் தந்தார்கள். வெளியிலிருந்து அமிலம் வாங்கும் தேவை குறைந்தது. பின்னர் பல நாடுகள் இந்த முறையைப் பின்பற்றின.

இன்று அதே அமிலங்களிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் தயாரிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. சுண்ணாம்பு கொட்டி விரட்டப்பட்ட புளிப்பு, இன்று கழிவிலிருந்து கிடைக்கும் செல்வம். கெட்டுப்போனது என்று ஒதுக்கியதன் காரணத்தை ஆராய்ந்ததே இந்த மாற்றத்துக்கு வழி வகுத்தது எனலாம்.